ஹாட் ஸ்வாப் சிப் தேடுகிறீர்களா? முதலில் மாஸ்ஃபெட்டைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் லோட் ஷெடிங்கோடு குடித்தனம் நடத்திய எல்லோருக்கும் இது பழக்கமான விஷயம்தான்: 48 வோல்ட் லித்தியம் பேட்டரியின் கேபிளை இன்வெர்ட்டரில் வைத்ததும் "டப்" என்று ஒரு சத்தம், நீலமாய் ஒரு பொறி, கேபிள் லக்கில் ஒரு கருப்புப் புள்ளி, சில சமயம் பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் பிஎம்எஸ் என்ற போர்டு எங்கேயோ ஷார்ட் ஆகிவிட்டது என்று முடிவுகட்டி மொத்தமாக ஆஃப் ஆகிவிடும். உண்மையில் அங்கே ஷார்ட் எதுவும் இல்லை. உள்ளே காலியாக இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் நிரம்புகிற முதல் சில மைக்ரோசெகண்டுகளில் ஷார்ட் போலவே கரண்டை இழுக்கும், அவ்வளவுதான்.

கணக்கு எளிது. கரண்ட் என்பது கெபாசிட்டர் மதிப்பு, அதன் வோல்டேஜ் எவ்வளவு வேகமாக ஏறுகிறது, இந்த இரண்டின் பெருக்கல். 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 48 வோல்ட்டுக்கு 10 மில்லிசெகண்டில் ஏற்றினால் 4.8 ஆம்பியர் போதும். அதையே 100 மைக்ரோசெகண்டில் ஏற்றினால் 480 ஆம்பியர். கேபிளும் பேட்டரியும் விட்டுக்கொடுத்தால் நிஜமாகவே அந்த அளவுக்குப் போகும். இந்த ஏற்றத்தைப் பிடித்து நிதானமாக்கி, அப்புறம் உண்மையிலேயே ஷார்ட் வந்தால் துண்டிக்கவும் செய்கிற சிப்தான் ஹாட் ஸ்வாப் கன்ட்ரோலர். சர்வர் ரேக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கார்டைக் கழற்றி இன்னொன்றைச் செருகுவதும், டெலிகாம் டவரில் ரெக்டிஃபையர் மாட்யூலை லைன் நிறுத்தாமல் மாற்றுவதும் இதனால்தான் முடிகிறது.

இங்கே நம் ஆட்களில் நிறையப் பேர் இப்போது சொந்தமாக 48 வோல்ட் டிசி பெட்டி கட்டுகிறார்கள். கோயில் மண்டபத்துக்கு, காவடி சமயத்தில் மைக் செட் நிற்காமல் ஓட, சாட்ஸ்வொர்த்தில் கடை சிசிடிவிக்கு, வீட்டு ரவுட்டருக்கு. "எந்த சிப் வாங்கலாம்?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: சிப்பைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள். அது சொன்னபடி கேட்கும். அடி வாங்குவது, கரண்டுக்கு வாசல் மாதிரி திறந்து மூடிக்கொண்டு வெளியே நிற்கும் மாஸ்ஃபெட்தான், எரிந்த போர்டுகளில் பெரும்பாலும் செத்துக் கிடப்பதும் அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

பாசிட்டிவ் லைனில் ஒரு சின்ன சென்ஸ் ரெசிஸ்டர், அதைத் தொடர்ந்து ஒரு என்-சேனல் மாஸ்ஃபெட், அதற்கப்புறம் லோடும் அதன் கெபாசிட்டரும். சிப் ரெசிஸ்டரின் குறுக்கே விழுகிற மில்லிவோல்ட்டைப் பார்த்துக் கரண்டைத் தெரிந்துகொண்டு, மாஸ்ஃபெட்டின் கேட் என்ற கட்டுப்பாட்டு முனையை மெல்லத் திறக்கும். கரண்ட் எல்லை தாண்டினால் கேட்டைச் சற்று இறக்கிக் கரண்டை அந்த எல்லையிலேயே பிடித்து வைக்கும், கூடவே ஒரு டைமரையும் ஓடவிடும். டைமர் முடிவதற்குள் நிலைமை சரியாகவில்லை என்றால் துண்டித்துவிடும். முழு ஷார்ட் விழுந்தால் டைமருக்காகக் காத்திருக்காமல் ஒரு மைக்ரோசெகண்ட் கணக்கில் கேட்டை இழுத்து மூடும்.

இதில் கவனிக்க வேண்டியது, "கரண்டைப் பிடித்து வைக்கும்" என்ற அந்த இடைநேரம். அப்போது மாஸ்ஃபெட் முழுதாகத் திறந்தும் இல்லை, மூடியும் இல்லை. ஒரு பக்கம் முழு வோல்டேஜ், ஊடே கரண்ட், இரண்டும் சேர்ந்து அத்தனையும் அதற்குள்ளேயே சூடாகிறது. 1000 மைக்ரோஃபாரட்டை 58 வோல்ட் வரை நிரப்பினால், வேகமாக நிரப்பினாலும் மெதுவாக நிரப்பினாலும் மாஸ்ஃபெட்டுக்குள் எரிகிற சக்தி சுமார் 1.7 ஜூல். அதில் தப்பிக்க வழியே இல்லை. எவ்வளவு நேரத்தில் அது எரிகிறது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்

மிகக் குறைந்த வோல்டேஜ், மிக அதிக வோல்டேஜ், நிலையாக ஓடும் கரண்ட், வெளியே இருக்கும் மொத்த கெபாசிட்டர், ஆன் ஆகும் நேரத்தில் லோடும் கரண்ட் இழுக்குமா இல்லையா, பெட்டிக்குள் எவ்வளவு சூடு. இவ்வளவு தெரியாமல் டேட்டாஷீட்டைத் திறந்து பிரயோஜனம் இல்லை.

வோல்டேஜில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நம் ஊரில் "48 வோல்ட் பேட்டரி" என்று விற்பதில் பெரும்பாலானவை 16 செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். பெயரளவு வோல்டேஜ் 51.2, முழுதாகச் சார்ஜ் ஆகும்போது செல்லுக்கு 3.65 என்று 58.4 வரை போகும். ஓவர்வோல்டேஜ் எல்லையை 57-இல் வைத்தால் பேட்டரி நிரம்பும் நேரம் பார்த்து லோடு ஆஃப் ஆகும், வெயில் நன்றாக அடிக்கும் மத்தியானத்தில் சிசிடிவி செத்துவிட்டது என்று ஃபோன் வரும். 60-ஐ ஒட்டி வையுங்கள். கீழே 44 பக்கம் துண்டித்தால் பேட்டரிக்கும் நல்லது.

பெட்டிக்குள் சூடு விஷயத்தில் டர்பன் பிப்ரவரி வெயிலை நினைத்துக் கணக்குப் போடுங்கள், டேட்டாஷீட்டில் இருக்கும் 25 டிகிரியை அல்ல.

மாஸ்ஃபெட்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

எல்லோரும் முதலில் பார்ப்பது ஆன் ரெசிஸ்டன்ஸை. ஒன்றரை மில்லிஓம், இரண்டு மில்லிஓம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதும் அதைத்தான். ஹாட் ஸ்வாப்புக்கு அது இரண்டாம் பட்சம். முக்கியம் டேட்டாஷீட்டின் நடுவில் இருக்கும் சேஃப் ஆப்பரேட்டிங் ஏரியா வரைபடம். எத்தனை வோல்ட்டில், எத்தனை ஆம்பியரை, எவ்வளவு நேரம் தாங்கும் என்று கோடு கோடாகப் போட்டிருப்பார்கள்: 100 மைக்ரோசெகண்ட், 1 மில்லிசெகண்ட், 10 மில்லிசெகண்ட், டிசி. அதிக வோல்டேஜ் பக்கம் அந்தக் கோடு திடீரென்று இன்னும் செங்குத்தாகக் கீழே மடங்குவதைப் பாருங்கள். ஸ்பிரிட்டோ விளைவு என்று சொல்வது அதைத்தான்: அரைகுறையாகத் திறந்திருக்கும் மாஸ்ஃபெட்டில் எந்த மூலை சற்று சூடாகிறதோ அந்த மூலை இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும், இழுத்து இன்னும் சூடாகும், கடைசியில் அந்த ஒரு புள்ளி உருகி மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிவிடும். புதிய டிரெஞ்ச் வகை மாஸ்ஃபெட்கள் ஆன் ரெசிஸ்டன்ஸில் அபாரம், ஆனால் இந்த விஷயத்தில் பழையவற்றைவிடப் பலவீனமாக இருப்பவை நிறைய. ஸ்விட்சிங் சப்ளைக்கு அருமையாக வேலை செய்த பார்ட்டை இங்கே அப்படியே தூக்கிப் போடாதீர்கள்.

"சரி, இரண்டு மாஸ்ஃபெட்டை பேரலலாகப் போட்டால் பாதி பாதி பங்கிட்டுக்கொள்ளாதா?" முழுதாகத் திறந்த பிறகு பங்கிடும். ஆன் ஆகும் நேரத்தில் பங்கிடாது. எதன் திரெஷோல்ட், அதாவது திறக்கத் தொடங்கும் கேட் வோல்டேஜ், சற்றுக் குறைவோ அது முதலில் திறந்து, சூடாகி, சூட்டில் திரெஷோல்ட் மேலும் இறங்கி, மொத்தச் சுமையையும் தானே ஏற்றுக்கொள்ளும். அதனால் எத்தனை பேரலல் போட்டாலும் ஒரே மாஸ்ஃபெட் முழுச் சுமையையும் தாங்கும் என்று காட்டும்படிதான் கணக்குப் போட வேண்டும். இந்த வேலைக்கென்றே லீனியர் பகுதியில் வலுவாகச் செய்த மாஸ்ஃபெட்களும் வருகின்றன. இன்ஃபினியான் ஆப்டிமாஸ் லீனியர் ஃபெட் வரிசை ஒன்று, நெக்ஸ்பீரியாவும் ஹாட் ஸ்வாப்புக்குத் தனியாக ஒரு வரிசை வைத்திருக்கிறது. விலை கூடுதல். ஆனாலும் 48 வோல்ட்டில் பத்து ஆம்பியர் தாண்டினால் நான் யோசிக்காமல் அதைத்தான் போடச் சொல்வேன்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எல்எம்5069-ஐ எடுத்துக்கொள்வோம். 9 முதல் 80 வோல்ட் வரை ஓடும், 48 வோல்ட் வேலைக்கு மிகப் பழக்கப்பட்ட சிப். முதலில் நேஷனல் செமிகண்டக்டர் போட்டது, 2011-இல் அந்த கம்பெனியையே டெக்சாஸ் வாங்கிவிட்டதால் பெயரின் முன்னே எல்எம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதன் கரண்ட் எல்லை சென்ஸ் ரெசிஸ்டரில் 55 மில்லிவோல்ட். ஆனால் இது நடுமதிப்புதான்; 48.5 முதல் 61.5 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நம் லோடு 10 ஆம்பியர் என்றால் 4 மில்லிஓம் போடலாம். மிக மோசமான சிப் வந்தாலும் 12.1 ஆம்பியர் வரை விடும், மறுகோடியில் 15.4. பத்து ஆம்பியரில் ரெசிஸ்டரில் 0.4 வாட் சூடு. ஒரு வாட் ரெசிஸ்டராகப் பார்த்து வாங்குங்கள்.

இந்த சிப்பில் இன்னொரு நல்ல விஷயம், கரண்ட் மட்டுமல்ல, மாஸ்ஃபெட்டில் எரியும் வாட்டுக்கும் எல்லை வைக்கலாம். அதை எவ்வளவு குறைவாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். ஆனால் சென்ஸ் மில்லிவோல்ட் 5-க்குக் கீழே போனால் சிப்பால் அதைத் துல்லியமாகப் பார்க்க முடியாது. 4 மில்லிஓமில் 5 மில்லிவோல்ட் என்றால் 1.25 ஆம்பியர், அதை 58 வோல்ட்டால் பெருக்கினால் 72 வாட். ஆகவே இந்த அமைப்பில் 72 வாட்டுக்குக் கீழே இறங்காதீர்கள். அந்த 72 வாட்டில் 1000 மைக்ரோஃபாரட் நிரம்ப ஏறக்குறைய 24 மில்லிசெகண்ட் ஆகும். டைமர் அதைவிட ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், 0.82 மைக்ரோஃபாரட் டைமர் கெபாசிட்டர் போட்டால் சுமார் 39 மில்லிசெகண்ட் வரும்.

இப்போது வரைபடத்துக்குத் திரும்புங்கள். வெளியே ஷார்ட் இருக்கும் நிலையில் ஆன் செய்தால் மாஸ்ஃபெட் 58 வோல்ட், 1.25 ஆம்பியரை 39 மில்லிசெகண்ட் முழுக்கத் தாங்க வேண்டும். 10 மில்லிசெகண்ட் கோட்டுக்கும் டிசி கோட்டுக்கும் நடுவே எங்கோ விழும். கோடுகளோ 25 டிகிரிக்குப் போட்டவை. மாஸ்ஃபெட்டின் உள்ளே உச்சம் 175 டிகிரி, அதன் வெளி உறை 85 டிகிரி என்றால் தாங்கும் திறன் அறுபது சதவீதமாகிவிடும். ஆக வரைபடத்தில் 2.1 ஆம்பியராவது காட்ட வேண்டும். சாதாரண 100 வோல்ட் மாஸ்ஃபெட்கள் பலவும் இந்த இடத்தில் தோற்றுவிடும்.

தோற்றால் வேறு வழி இருக்கிறது. கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு கெபாசிட்டர் போட்டு வோல்டேஜ் ஏறும் வேகத்தையே மட்டுப்படுத்தலாம். இந்த சிப் கேட்டுக்குத் தருவது 16 மைக்ரோஆம்பியர். 33 நானோஃபாரட் போட்டால் வினாடிக்கு சுமார் 500 வோல்ட் வேகத்தில் ஏறும், 1000 மைக்ரோஃபாரட்டுக்கு அரை ஆம்பியர்தான் போகும், 58 வோல்ட்டை எட்ட 120 மில்லிசெகண்ட் பிடிக்கும். உச்சத்தில் 29 வாட், 72 வாட் எல்லையைத் தொடவே தொடாது, அதனால் டைமரும் ஓடாது. டைமர் ஓடாததால் அதை இரண்டு மில்லிசெகண்டுக்குச் சுருக்கிவிடலாம், ஷார்ட் வந்தால் மாஸ்ஃபெட் படும் பாடு 39-இலிருந்து இரண்டாகக் குறையும். அந்தக் கெபாசிட்டரோடு தொடராக ஒரு கிலோஓம் ரெசிஸ்டர் வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் ஷார்ட் நேரத்தில் கேட் வேகமாக மூடாது. பெரிய கெபாசிட்டர் இருக்கும் இடங்களில் எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். ஒரே நிபந்தனை: ஏறி முடியும்வரை லோடு கரண்ட் இழுக்கக் கூடாது. வோல்டேஜ் ஏறி முடிந்ததும் சைகை தரும் சிப்பின் பவர் குட் பின்னை லோடு பக்கத்து டிசி-டிசி கன்வெர்ட்டரின் எனேபிளோடு இணைத்துவிட்டால் அது சரியாகிவிடும். இணைக்காமல் விட்டால் கன்வெர்ட்டர் பாதி வோல்டேஜிலேயே எழுந்து, வோல்டேஜ் குறைவாக இருப்பதால் இரட்டிப்புக் கரண்டை இழுத்து, ஆன் ஆவதும் ஆஃப் ஆவதுமாகவே இருக்கும்.

இப்போது சிப்

கணக்கு கையில் இருந்தால் இது சீக்கிரம் முடிந்துவிடும். 24 வோல்ட்டுக்குக் கீழே, பத்துப் பதினைந்து ஆம்பியருக்குள் என்றால் தனி மாஸ்ஃபெட்டே வேண்டாம், இஃப்யூஸ் வாங்குங்கள். மாஸ்ஃபெட், சென்ஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும், சூடானால் தானே துண்டிக்கும். டிபிஎஸ்25982 24 வோல்ட், 15 ஆம்பியர் வரை வரும். 60 வோல்ட் வரை, ஆனால் இரண்டு ஆம்பியர் அளவு போதும் என்றால் டிபிஎஸ்2660. பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினாலும் தாங்கும், ரவுட்டர், கேமரா வேலைக்கு அருமை. 48 வோல்ட்டில் கரண்ட் அதிகம் என்றால் எல்எம்5069 அல்லது டிபிஎஸ்2490. கரண்ட், வோல்டேஜ், சூடு எல்லாவற்றையும் டேட்டா பஸ் வழியாகப் படிக்க வேண்டுமென்றால் எல்எம்5066. 12 வோல்ட்டில் மிகப் பெரிய கரண்ட் என்றால் அனலாக் டிவைசஸின் எல்டிசி4282, இரண்டு கேட்டைத் தனித்தனியாக ஓட்டும், அதனால் மேலே சொன்ன பேரலல் தலைவலிக்கு அது ஒரு நல்ல மருந்து.

டெலிகாம் டவர் சாமான் என்றால் கவனம். அங்கே பாசிட்டிவ்தான் கிரவுண்ட், லைன் மைனஸ் 48. இதுவரை சொன்ன சிப்கள் அதற்கு ஒத்துவராது. எல்எம்5067, எல்டிசி4252 மாதிரி மைனஸுக்கென்று செய்தவற்றைப் பாருங்கள்.

இரண்டு பேட்டரியைச் சேர்த்து, ஒன்றைக் கழற்றி மாற்ற நினைக்கிறீர்களா? ஹாட் ஸ்வாப் மாஸ்ஃபெட் ஒரு திசையை மட்டும்தான் தடுக்கும், எதிர்த் திசையில் அதற்குள்ளேயே இருக்கும் பாடி டயோடு வழியே கரண்ட் தாராளமாகப் போகும். நிரம்பிய பேட்டரி காலிப் பேட்டரிக்குள் கொட்டும். அதைத் தடுக்க எல்எம்5050-1 அல்லது எல்டிசி4359 மாதிரி ஐடியல் டயோடு கன்ட்ரோலர் ஒவ்வொரு பேட்டரிக்கும் தனியாக வேண்டும்.

அப்புறம், பல சிப்கள் இரண்டு வகையாக வரும். எல்எம்5069-1 ஃபால்ட் வந்தால் மூடியே கிடக்கும், ஆள் வந்து ரீசெட் செய்ய வேண்டும். எல்எம்5069-2 சற்று நேரம் விட்டு மறுபடி முயலும். ஆள் போக முடியாத மலையுச்சி லிங்க், பூட்டிய கடை என்றால் இரண்டாவது. மனிதர்கள் கூடும் இடத்தில், லித்தியம் பேட்டரியிலிருந்து நீளமாகக் கேபிள் ஓடும் இடத்தில், முதல் வகையையே போடுங்கள். நசுங்கிப் போன கேபிளுக்கு ஒரு சிப் இரவெல்லாம் திரும்பத் திரும்பக் கரண்ட் கொடுப்பதை நினைத்தாலே எனக்குப் பயம்.

போர்டில் கைவைக்கும்போது

ஷார்ட்டைத் துண்டிக்கும் அந்த மைக்ரோசெகண்டில் இன்னொரு ஆபத்து பிறக்கிறது. உள்வரும் கேபிளுக்கு இண்டக்டன்ஸ் உண்டு. ஒரு மைக்ரோஹென்றியில் 50 ஆம்பியரை ஒரு மைக்ரோசெகண்டில் நிறுத்தினால் 50 வோல்ட் கூடுதலாக எழும்பும். 58-உம் 50-உம் சேர்ந்து 108, எல்எம்5069 தாங்கும் உச்சமோ 100. அதனால் இப்படி எழும்பும் வோல்டேஜைப் பிடித்து நிறுத்தும் டிவிஎஸ் டயோடு சிப்புக்கு முன்னால் கட்டாயம். 58.4 வோல்ட் பேட்டரிக்கு 60 வோல்ட் ஸ்டாண்ட்ஆஃப் உள்ளது, அதாவது 60 வோல்ட் வரை சும்மா இருப்பது, எடுக்க வேண்டும், எஸ்எம்சிஜே60ஏ 96.8 வோல்ட்டில் பிடிக்கும் என்பார்கள், ஆனால் அது 15.5 ஆம்பியரில். நம் 4 மில்லிஓமில் வேகத் துண்டிப்பு விழுவதே 26 ஆம்பியர் பக்கம். அந்தக் கரண்டில் அது 100-ஐத் தாண்டிவிடும். 5.0எஸ்எம்டிஜே60ஏ போடுங்கள், அதே 96.8-ஐ 51 ஆம்பியர் வரை பிடிக்கும். வெளியே போகும் பக்கம் ஒரு ஷாட்கி டயோடு, அங்கே வோல்டேஜ் மைனஸுக்குப் போகாமல் இருக்க.

சென்ஸ் ரெசிஸ்டரின் இரண்டு பேட்களுக்கும் உள்விளிம்பிலிருந்து தனித்தனி மெல்லிய டிராக் எடுத்து நேராக சிப்புக்குக் கொண்டுபோங்கள். பெரிய கரண்ட் ஓடும் செப்பிலிருந்து எங்கோ ஓரிடத்தில் எடுத்தால் ஒரு மில்லிஓம் சேர்ந்துவிடும். நான்கு ஐந்தாகும், 10 ஆம்பியரிலேயே துண்டிக்கப் பார்க்கும். கனெக்டரில் கிரவுண்ட் பின் நீளமாகவும் எனேபிள் பின் குட்டையாகவும் இருக்கட்டும்: செருகும்போது கிரவுண்ட் முதலில் தொட வேண்டும், கழற்றும்போது எனேபிள் முதலில் விட வேண்டும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று என்பதால் போர்டுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் என்ற மெல்லிய பாதுகாப்புப் பூச்சு அடியுங்கள், கனெக்டர் பின்களில் மட்டும் படாமல்.

வாங்குவது டிஜிகீ, மௌசர் மாதிரி அங்கீகாரம் பெற்ற இடமாகவே இருக்கட்டும், 15 சதவீத வாட் வரியும் கூரியரும் சேர்ந்தாலும் பரவாயில்லை. மாஸ்ஃபெட்டில் போலி அதிகம், போலியில் உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு (டை) சின்னதாக இருக்கும், மல்டிமீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டும், முதல் ஷார்ட்டில்தான் தெரியும்.

போர்டு தயாரானதும் ஆஸிலோஸ்கோப்பில் மூன்றைப் பாருங்கள்: கேட், வெளி வோல்டேஜ், கரண்ட். முதலில் கரண்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளையில் சாதாரணமாக ஆன் செய்து வோல்டேஜ் நேர்கோடாக ஏறுகிறதா என்று சரிபார்த்துவிட்டு, பிறகு நிஜ பேட்டரிக்கும் நிஜக் கேபிள் நீளத்துக்கும் மாறுங்கள், ஏனென்றால் பெஞ்ச் சப்ளை கரண்டைத் தானே மட்டுப்படுத்தி உங்கள் தப்பை மறைத்துவிடும். பேட்டரி பக்கம் ஒரு டிசி ஃபியூஸ் போட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு, வெளிப்பக்கத்தை ஷார்ட் செய்து வைத்து ஆன் செய்யுங்கள். அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷார்ட் செய்யுங்கள். கடைசியாக மாஸ்ஃபெட்டை ஹாட் ஏர் கன்னால் 85 டிகிரிக்குச் சூடேற்றிவிட்டு இரண்டையும் மறுபடி செய்யுங்கள்.